நடு உருண்டை

எடெல்காவின் கைப்பக்குவத்தில் எங்கள் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை, அவள் புருஷன் ஆம்ப்ருஷ் ஒருவரைத் தவிர. ஊர்க்கோடியில் இருக்கும் பழத் தொழிற்சாலையில் காலமெல்லாம் ஜாடி ஜாடியாகப் பீச் பழம் அடைத்த கை அது. ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்காது. பீன்ஸ் சூப் குடித்து முடித்ததும் பொன்னுருண்டை ரொட்டி வரும். மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, உருக்கிய வெண்ணெயில் முக்கி, சர்க்கரையிலும் வால்நட் பொடியிலும் புரட்டி, தட்டில் நெருக்கி அடுக்கிச் சுடுவாள். கத்தி படக்கூடாது, சுடச்சுட ஆளாளுக்குப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நடு உருண்டைதான் எல்லாவற்றிலும் மெத்தென்று இருக்கும். அதை விருந்தாளிக்கு விட்டுவைப்பதுதான் மரியாதை. ரயில்வேயில் வேலை பார்த்த ஆம்ப்ருஷுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கூசாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வேகலடி" என்பார்.

"வேகாததை எதுக்கு முழுங்குறீங்க? துப்புங்க."

"துப்புனா நீ அழுவியே."

பக்கத்து வீட்டுக்காரி நான், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். ரொட்டி என்றைக்கும் நன்றாக வெந்துதான் இருக்கும். அந்த மனுஷனுக்குப் பாராட்டத் தெரியாது, அவளுக்குக் கொஞ்சத் தெரியாது. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் இந்தச் சண்டைதான் பிள்ளை மாதிரி வளர்ந்தது.

அப்புறம் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜனவரிக் குளிரில் அவர் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினார். ஸ்பூனில் கஞ்சியை நீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இவள் கெஞ்சுவாள், திட்டுவாள், பிறகு அந்தக் கஞ்சியை நின்றபடியே தான் குடித்துவிட்டு என்னிடம் வந்து உட்காருவாள்.

ஒருநாள் காலையில் மூச்சிரைக்க வந்தாள்.

"வில்மா, பால் இருக்கா? அவரே வாயத் தொறந்து கேட்டாரு. பொன்னுருண்டை வேணுமாம்!"

அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு உருண்டை உள்ளே போய்விட்டால் மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று அந்த முகம் நம்பியது. பாலை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

சமையலறை ஐஸ் மாதிரி கிடந்தது. பிசைந்த மாவைத் துணியால் மூடிப் பாத்திரத்தோடு படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். இறகுப் போர்வையைத் தூக்கி, அவர் பக்கத்தில், அவர் உடம்புச் சூட்டில் வைத்தாள். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் ஈஸ்ட் மாவு பொங்குவதற்குப் படுக்கைதான் இடம்.

"யாரடி இவ? இந்த வயசுல எனக்குச் சோடி சேக்குற?" என்றார் ஆம்ப்ருஷ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கொழுப்பு மட்டும் கொறையல. தள்ளிப் படுங்க."

"உன்னவிட மெத்துனு இருக்கா."

எடெல்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! நாங்கள் இரண்டு பேரும் வால்நட் உடைத்தோம், ரொட்டிமேல் ஊற்றப் பாலில் வெனிலா போட்டுக் காய்ச்சினோம். உள்ளே சத்தமே இல்லை. தூங்கட்டும், எழுந்ததும் பசிக்கும் என்றாள்.

மாவு பொங்கியிருக்கும் என்று போய்ப் போர்வையை விலக்கினோம். துணியைத் தள்ளிக்கொண்டு பாத்திரத்துக்கு மேலே எழும்பி நின்றது.

"பாருங்களேன், எப்படி வந்திருக்குன்னு!"

அவர் பார்க்கவில்லை. அவர் கை பாத்திரத்தை அணைத்தபடி இருந்தது. தொட்டேன். மாவைப் போலவே அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வந்து பார்த்தால் எடெல்கா சமையலறையில் உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?"

"அவரு சூட்டுல பொங்குன மாவுடி. குப்பையில கொட்டச் சொல்றியா?"

வால்நட் பொடிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ரொட்டி அடுப்பில் இருக்கும்போதே சவவண்டி வந்து நின்றது. கருகிவிடுமே என்று தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு அவரை வழியனுப்பப் போனாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பனியில் செருப்புக்காலோடு நின்றாள்.

திரும்பி வந்தபோது தெருச்சனம் சமையலறையில் கூடியிருந்தது. "பிய்ச்சுக்குங்க" என்றாள். மறுக்க முடியாமல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தோம். நடு உருண்டையை யாரும் தொடவில்லை. தொட எங்களுக்கு மனசு வரவில்லை. கடைசியில் தட்டில் அது மட்டும் நின்றது.

எடெல்கா அதை எடுத்துப் பிட்டாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, மாவு கையோடு இழுபட்டது.

"வேகல" என்றாள். படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். "இன்னைக்கு நெசமாவே வேகல."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருப்பவள் போல நின்றாள். பதிலுக்கு அவளோடு மல்லுக்கு நிற்கக்கூடியவர் போய்விட்டார். பச்சை மாவை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்பிடுங்க அக்கா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.