கண்ணாடித் தொட்டியில் களையெடுப்பு

எங்கள் தொழிற்சாலையில் மூன்று நிறச் சீட்டுகள் உண்டு. தேறிய பாகத்துக்குப் பச்சை, கழிக்க வேண்டியதற்குச் சிவப்பு, இரண்டில் எதுவென்று தெரியாததற்கு மஞ்சள். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். மஞ்சள் சீட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒன்று தேறும், இல்லாவிட்டால் தேறாது, நடுவில் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று மற்றவர்களிடம் கத்துவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு வருஷம் முழுக்க வீட்டில் மஞ்சள் சீட்டும் கையுமாக நிற்க வைத்தது ஒரு கண்ணாடித் தொட்டி.

நாலடி நீளத் தொட்டி. கல்யாணத்துக்கு முன்பே எனக்குப் பிடித்த கிறுக்கு அது. தெருவில் எல்லாரும் தங்கமீன் வளர்த்தார்கள், நான் கடலையே வளர்க்கிறேன் என்று கிளம்பினேன். பழவேற்காட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிக்காரர் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். கொளத்தூர் மீன் கடையில் வாங்கிய பாறைகளை அடுக்கி, அடியில் சரளை பரப்பி, பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களை விட்டிருந்தேன். பாறை மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சை பச்சையாய் விரியும் பவள உயிர்கள் ஒரு கூட்டம். கடைக்காரர் அவற்றைப் பட்டன் என்பார், நாங்களும் அப்படியே சொன்னோம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் முதலில் தொட்டிக்கு, அப்புறம்தான் மின்விசிறிக்கு. "எங்க ஊட்டுல மீனுக்கு மோட்டாரு காத்து, எனக்கு விசிறி மட்ட" என்று என் மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் உண்டானபோது மூன்றாம் மாதமே டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினோம். ஹாலில்தான் காற்று வரும் என்று கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டேன். திரும்பிப் படுக்கப் பயந்துகொண்டு, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஐந்தாம் மாதம் அது தங்கவில்லை. பொன்னேரி நர்சிங் ஹோமில் எல்லாம் செய்து முடித்து மயக்கம் தெளிந்தபோது, என்னைப் பார்த்து "முடிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் செங்கற்களை எடுப்பதா, விடுவதா என்று எனக்கு ஒரே குழப்பம். எடுத்தால் ஒன்று நினைப்பாள், விட்டு வைத்தால் வேறொன்று நினைப்பாள். கடைசியில் அவளே எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து, அதே கட்டிலில் தொட்டியைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பார்க்கிறாளா, வெறுமனே கண் திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. நான் ஷிப்டுக்குப் போவேன், வருவேன், சாப்பாடு வாங்கி வருவேன். அவள் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

ஒருநாள் மாலை நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "இன்னாங்க, அந்தக் கல்லுல இன்னாமோ மொளச்சிகீது" என்றாள்.

வாரக்கணக்கில் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம். ஒரு கால் ஷூவோடு போய்க் குனிந்து பார்த்தேன். பாறையின் ஓரத்தில் கண்ணாடி போல் ஒரு பழுப்பு நிறத் தண்டு. அதன் தலையில் மெல்லிய விரல்கள் வட்டமாய் விரிந்திருந்தன. கையைக் கிட்டே கொண்டுபோனதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"பூவா, பூச்சியா?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடல் சாமந்தி என்று ஒரு படம் பார்த்த ஞாபகம் இருந்தது, அதைச் சொன்னேன். அவளுக்கு அந்தப் பேர் போதுமாக இருந்தது. மறுநாள் காலை தெருவில் மீன்காரம்மாவின் குரல் கேட்டதும் எழுந்து போய்க் கொஞ்சம் இறால் வாங்கி வந்தாள். ஒரு கிள்ளு எடுத்து விளக்குமாற்றுக் குச்சி நுனியில் குத்தி அதனிடம் நீட்டினாள். அது பற்றிக்கொண்டது. "வாங்கிகிச்சி" என்றாள், என்னிடமா அதனிடமா தெரியாது. மீதி இறாலை அன்று குழம்பு வைத்தாள். அந்தக் குழம்பை நான் எத்தனை தடவை போட்டுக்கொண்டேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும்.

அது என்னவென்று கேட்கத் தொழிற்சாலையிலிருந்து கொளத்தூர்க் கடைக்குப் போன் செய்தேன். நான் விவரிக்க விவரிக்க மறுமுனையில் கடைக்காரர் "ஐயய்யோ" என்று முனகினார்.

"சார், அது சாமந்தி கீமந்தி இல்ல, சனியன். நான் குடுத்த கல்லுலியே ஒட்டிகினு வந்துருக்கும். பக்கத்துல கீற பட்டனெல்லாம் கொட்டியே சாவடிச்சிடும். தீனி போட்டீங்கன்னா இன்னும் பேஜாரு, தொட்டி பூரா பரவிடும். அவசரப்பட்டுப் பிச்சிடாதீங்க, ஒரு துண்டு தங்குனாலும் திரும்ப வரும்."

சிவப்புச் சீட்டு. சந்தேகமே இல்லாத சிவப்பு. ஆனால் வீட்டுக்கு வந்தால் அவள் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, இறாலைப் பொடிப்பொடியாய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் பட்டன்கள் சாகும். பட்டன்கள் செத்தால் அதைப் பார்த்து மறுபடி படுத்துவிட்டால்? நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து மாமனார் மகளைப் பார்க்க வந்தார். ஆரணிப் பக்கம் நெல் பயிரிடுகிறவர். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனுஷர். வந்த அன்றே கொல்லையைக் கொத்திவிட்டார், கொடிக் கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டார், மறுநாள் காலை தொட்டி முன்னால் வந்து நின்றார்.

"இது இன்னா மாப்ள, கொழந்தைக்கு ஊட்டற மாதிரி ஊட்டிகினு கீறா?"

அவள் சமையலறையில் இருந்தாள். குரலைத் தாழ்த்தி, "பாக்கத்தான் அழகு மாமா. களை மாதிரி, மத்தத வாழ விடாது. அவகிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். ஒரு நெல் விவசாயியிடம் களை என்ற சொல்லைச் சொல்லிவிட்டு எட்டு மணி நேரம் வெளியே போகக் கூடாது என்று எந்த மேனேஜரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

திரும்பி வந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பாறை ஓரம் காலி. மாமனார் வாசல் படியில் உட்கார்ந்து, தடித்துச் சிவந்த விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ தூங்கும்போது சுத்தமா எடுத்துட்டேன் மாப்ள. நீங்க சொன்ன மாதிரி அவகிட்ட ஒண்ணியும் சொல்லல. எழுந்து பாத்துட்டு அழுவுறா. களைய எடுத்தா யாருனா அழுவாங்களா? எனக்கு ஒண்ணியும் புரில."

எனக்கு மட்டும் புரிந்ததா என்ன. எடுத்ததற்குக் கோபப்படுவதா, நான் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டதற்கு நிம்மதிப்படுவதா? மறுநாள் காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ஆரணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். மகள் வாசல்வரை வரவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் வீடு பழையபடி ஆனது. பிறகு ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த என் முதுகில் தட்டி இழுத்துக்கொண்டு போனாள். முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, சரளைக்குள்ளிருந்து, அரிசி மணி அளவில் பழுப்புத் தலைகள். ஒன்றல்ல. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசை. பாறையின் பழைய இடத்திலும் ஒன்று எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சிங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றேன். திரும்ப வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், சரி. வரிசையாக ஏன் வர வேண்டும்? கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தேடினேன். உலகம் முழுக்க இந்தச் சனியனோடு போராடுகிறவர்கள் எழுதிக் குவித்திருந்தார்கள். வெந்நீரை ஊசியில் ஏற்றிக் குத்து, எலுமிச்சைச் சாறு விடு, இதைத் தின்னும் இறால் வகை ஒன்று உண்டு அதை விடு என்று ஆளுக்கொரு வைத்தியம். வரிசையில் முளைத்ததாக ஒருவரும் எழுதவில்லை. பலர் மெச்சியிருந்த பசை ஒன்றுக்கு வாயில் நுழையாத ஜெர்மன் பேர். அது எங்கே கிடைக்கும் என்று பல நாள் அலைந்து, கடைசியில் எங்கள் ஆய்வகத்துக் கெமிஸ்ட்டிடம் கேட்டால், வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புதான் என்று சிரித்தார்.

ஊசி போடும் சிரிஞ்சு ஒன்று வாங்கி, சுண்ணாம்பையும் வாங்கி, பிரிட்ஜ் மேல் பழைய பேப்பருக்குள் ஒளித்து வைத்தேன். அது அங்கேயே இருந்தது. அவள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவற்றை எண்ணினாள். நேற்றைவிட இன்று கூட என்று சொல்லும்போது அவள் முகம் விரியும். அவள் முகம் விரிய விரிய, பின்னால் பட்டன்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. கோமாளி மீன்கள் இரண்டும் மோட்டார் பக்கம் மூலையில் ஒண்டிக்கொண்டன. எதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவது, எதைப் பார்த்துக் கவலைப்படுவது? தொழிற்சாலையில் என்னிடம் வந்த பாகங்களுக்கெல்லாம் அந்த நாட்களில் மஞ்சள் சீட்டாக ஒட்டி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறுப்பு முடிந்து மாமனார் புது அரிசி மூட்டையோடு வந்தார். மகளின் முகத்தைப் பார்க்கத் தயங்கி நேராகத் தொட்டிக்கு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா மாப்ள இது, நாத்து நட்டா மாதிரி நிக்கிது?" சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான் அமுக்குனதுதான்" என்றார்.

"எத அமுக்குனீங்க?"

"பிச்சதும் வழுவழுன்னு துண்டு துண்டாப் பூட்ச்சி. நம்ம கழனில களைய வெளியவா போடறோம்? அங்கியே சேத்துல மிதிச்சி உட்டா பயிருக்கு எருவாவும். இதுல காலு உட முடியாதே. அதான் ஒவ்வொரு துண்டா வெரலால அடியில கீற பொடிக்கல்லுக்குள்ள அமுக்குனேன். வரிசையா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு. மூன்று வாரம் பிரவுசிங் சென்டரில் தேடிய மர்மம் இதுதானா. சமையலறையிலிருந்து வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். பொன்னேரிக்குப் பிறகு முதல் தடவை. "நட்டுட்டுப் போனியா நைனா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள்.

"செங்கல்லு வெச்சி, பொரண்டு படுக்காம, தும்மாமக்கூட பாத்துகினேன்" என்றாள். "அது நிக்கல. இத்தப் பிச்சிப் பிச்சி மண்ணுல அமுக்கிட்டுப் போறாங்க, இம்மாம் நிக்கிது. இது இன்னாங்க கணக்கு?"

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, மூடிக் கிடந்த பட்டன்களைப் பார்த்தாள்.

"இதுங்க எத்தினி நாளா மூடிகினு கீதுங்க. இன்னா பாவம் பண்ணிச்சிங்க?" பிறகு என்னிடம், "பிரிட்ஜ் மேல வெச்சிகீறீங்களே, அத்த எடுங்க" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வைத்தால் தண்ணீரில் காரத்தன்மை ஏறி மீன்கள் செத்துவிடும். அதனால் தினமும் மாலை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம். நான் மோட்டாரை நிறுத்துவேன். மாமனார் தன் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியிலிருந்து எடுத்துக் குழைத்துக் கொடுப்பார், தண்ணீரில் கை வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அவள் சிரிஞ்சைப் பிடித்து, ஒவ்வொன்றின் விரல்களும் விரிந்திருக்கும் நடுவில் ஒரு சொட்டுப் பசையை வைப்பாள். அது தீனி என்று நினைத்து மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவள் உதடு அசையும். எண்ணுகிறாளா, மன்னிப்புக் கேட்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

வரிசை தீர்ந்த அன்று பாறை ஓரத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். முதன்முதலில் முளைத்ததன் அடி, மாமனார் பிய்த்தபோது கல்லிலேயே தங்கி மறுபடி தளிர்த்தது. அது நன்றாக விரிந்து, வழக்கம்போல் அவள் இறால் கொண்டு வருவாள் என்று காத்திருந்தது.

"அது ஒண்ணு இருக்கட்டுமே" என்றேன். விட்டு வைத்தால் எல்லாம் வீண் என்று தெரிந்தும்தான் சொன்னேன்.

"வேணாங்க. இருந்துச்சின்னா எண்ணிகினே இருப்பேன்." சிரிஞ்சை என் கையில் கொடுத்தாள். "இத்த மட்டும் நீங்க பண்ணுங்க. என்னால முடியாது."

சமையலறைக்குப் போய்விட்டாள். மாமனாரும் எழுந்து வாசலுக்குப் போனார். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். சிவப்பா பச்சையா என்று கேட்க யாருமில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டேன். சுண்ணாம்பு வெள்ளையாகச் சரிந்து அதன் மேல் படிந்தது, அது மெல்ல மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"முடிஞ்சிடுச்சா?"

நான் பழக்கத்தில் தலையாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு என் தலை எப்படித் தெரியும்? வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"முடிஞ்சிடுச்சிம்மா" என்றேன். ஈரக் கையோடு சமையலறைக்குப் போனேன்.