அத்தை திரித்த கயிறு

எங்கள் பிளாட்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. லிஃப்ட் கெட்டுப்போன நாளில்கூட அங்கே அவ்வளவு சத்தம் இருக்காது. யாராவது ஒரு பெண் கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்துவிட்டால் போதும், குழு கொதிக்க ஆரம்பித்துவிடும். கேமரா வை, காவலுக்கு ஆள் போடு, பிடிபட்டால் கையை முறி, போலீஸ் எங்கே தூங்குகிறது என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுவார்கள். போன வாரம் ஓர் அண்ணன் பெண்களுக்கு அறிவுரை சொல்லியிருந்தார். வெளியே போகும்போது தங்கம் வேண்டாமாம், தாலிக்கு மஞ்சள் கயிறே போதுமாம். நான் பதில் எழுத ஆரம்பித்துப் பாதியில் அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்துமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஆயர் ஈத்தாமில் இதே பிளாட்டில்தான் குடியிருந்தோம். அப்பா ஜுரு தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு தங்கியிருந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, கடலுக்கு அந்தக் கரையில் பட்டர்வொர்த்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் பெர்ரி ஏறி வந்து, எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

அந்த வருடம் எங்கள் பக்கம் வழிப்பறி அதிகமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் இருவர் வருவார்கள். பின்னால் இருப்பவன் கையை நீட்டுவான். அவ்வளவுதான், பையோ சங்கிலியோ போய்விடும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வெறும் கழுத்தோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சோறு எங்கள் வீட்டில் நாடாளுமன்றம் ஆகிவிட்டது.

“ஒவ்வொரு புளோக்குக்குக் கீழயும் ஒரு போலீஸ் பொண்டோக் போடணும் லா. ரெண்டு பேரு நின்னா எவன் வருவான்?” என்பார் மாமா. பொண்டோக் என்றால் காவல் கொட்டகை. அவர் பிளாட்டின் காவல் குழுவில் சேர்ந்திருந்தார். அதற்காகக் கொடுத்த விசிலைக் குளிக்கும்போதுதான் கழற்றுவார்.

“போலீஸ் வந்து கிழிச்சாங்க. புடிச்ச எடத்துலயே கைய ஒடைச்சுப் போடணும். அப்பத்தான் பயம் வரும்” என்பாள் அத்தை, மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தபடி.

அப்பா சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. நம் பொருளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். அம்மா யாருக்கு ரசம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தெருவில் நடந்து போகிறவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவளை யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். தாலிச் சங்கிலி இனிமேல் பெட்டியில் இருக்கட்டும், தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளட்டும். கயிற்றுக்காக எவன் பைக்கைத் திருப்பப் போகிறான்? நியாயமாகத்தான் பட்டது. மாமா தலையாட்டினார்.

அத்தைக்கு மட்டும் ஒரு கவலை. “கயிறு நைஞ்சு அறுந்து போச்சின்னா? என் தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?”

தாலிக் கயிறு தானாக அறுந்தால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பதில் அத்தைக்குத் துளிக்கூடச் சந்தேகம் கிடையாது. அதனால் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். அத்தை வீட்டுக்காரர் தூண்டில் பைத்தியம். பெரிய மீனுக்குப் போடும் தங்கூசி, அந்த வழுவழுப்பான நைலான் நூல், அவர் வீட்டில் சுருள் சுருளாகக் கிடக்கும். அடுத்த ஞாயிறு அத்தை அதில் ஒரு சுருளோடு வந்தாள். பருத்தி நூலும் தங்கூசியுமாகச் சேர்த்து, கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து திரித்தாள். மேலே நூல்தான் தெரியும். தங்கூசி உள்ளே ஒளிந்துகொண்டது. பிறகு பசுமஞ்சளை அரைத்து அழுத்தித் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். உண்மையிலேயே அழகான கயிறு. மாமா அதில் அரிசி மூட்டையைக் கட்டித் தூக்கிக் காட்டினார். அறவில்லை. நான் கைதட்டினேன்.

“கொஞ்சம் கனமா இருக்கு அண்ணி. கழுத்த உறுத்துது” என்றாள் அம்மா, போட்டுப் பார்த்துவிட்டு.

“பழகிடும்” என்றாள் அத்தை.

அந்தக் கயிறு கழுத்தில் ஏறிய அதே வாரம், சனிக்கிழமை காலை, அம்மாவும் நானும் பாசாருக்குப் போனோம். நல்ல வெயில். சந்தைக்குத் திரும்பும் முனையில், வழிப்பறி ஜாக்கிரதை என்று போலீஸ் ஒரு பெரிய துணி கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்கு நேர் கீழேதான் அம்மா கூடையை இறக்கி வைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பின்கழுத்தில் கயிறு பளபளவென்று மின்னியது. அத்தை தேய்த்த மஞ்சள் அந்த வெயிலில் அசல் தங்கம் மாதிரியே இருந்ததை நான் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்லக்கூட வாய் திறந்தேன்.

பைக் பின்பக்கமாக வந்தது. ஒரு கை அம்மாவின் கழுத்தைத் தொட்டது. சங்கிலியாக இருந்திருந்தால் டக்கென்று அறுந்து அவனோடு போயிருக்கும். அம்மா கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், மத்தியானம் சமைத்திருப்பாள். ஆனால் கயிறு அறவில்லை.

அம்மா மல்லாக்க விழுந்தாள். விழுந்தவள் நிற்கவில்லை, தார் ரோட்டில் இழுபட்டுப் போனாள். ஒரு செருப்பு என் காலடியில் கிடந்தது. பைக் தடுமாறியது. பின்னால் இருந்தவனின் விரல்களில் கயிறு சுற்றிக்கொண்டு இறுகிவிட்டதால் அவனாலும் விட முடியவில்லை. அவனும் விழுந்தான். ஓட்டிவந்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டான். ரோட்டில் அம்மாவும் அந்தத் திருடனும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் கிடந்தார்கள்.

எனக்குக் கத்த வரவில்லை.

அவன் தலைக்கவசம் உருண்டு போய்விட்டது. எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப்போன அண்ணன்கள் மாதிரி ஒரு முகம். மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அம்மாதான் தன் கையைப் பிடித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

“யக்கா, விடுக்கா. கைய விடுக்கா” என்றான்.

திருடன் தமிழில் பேசுவான் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த வயதில் எனக்கு அதுவே பெரிய அதிர்ச்சி.

அதற்குள் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அப்பாடா, அம்மாவைத் தூக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் அம்மாவைத் தூக்கவில்லை. எல்லோரும் அவனிடம் போனார்கள். ஒருவர் காப்பிக்கடை நாற்காலியோடு வந்தார். எங்கள் புளோக்கு மூன்றாம் மாடி அங்கிள், பிள்ளைகளுக்கெல்லாம் சும்மாவே சைக்கிள் பழுதுபார்த்துக் கொடுக்கிறவர், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் முகத்தில் அடித்தார். நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் அடித்தார். அங்கே எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இவ்வளவு நாள் கையில் சிக்காதது கடைசியில் சிக்கிவிட்ட சந்தோஷம்.

அவர்கள் அவனைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தார்கள். அம்மாவும் கூடவே போனாள். அவனை உதைத்தார்கள், அவன் சுருண்டான், கயிறு இறுகியது. ஒவ்வோர் அடிக்கும் அம்மாவின் தலை தரையிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

“அம்மா கழுத்து! இழுக்காதீங்க! லெஹெர் மாக் சாயா! லெஹெர் மாக் சாயா!”

தமிழில் கத்தினேன், அதையே மலாயில் கத்தினேன். எந்த மொழியிலும் யாருக்கும் கேட்கவில்லை. என் அம்மாவுக்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மும்முரத்தில் என் அம்மாவைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

மீன் கடைச் சீனப் பெண்மணிக்கு மட்டும்தான் கேட்டது. அம்மாவிடம் வாராவாரம் பேரம் பேசி முகத்தைச் சுளிப்பவள். ரப்பர் பூட்ஸோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்து மண்டியிட்டாள். கையில் மீன் வெட்டும் கத்தரி. கயிற்றைத் தொட்டவள் அதில் கோத்திருந்த தாலியைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டாள். எத்தனை வருடமாக நம் பெண்களுக்கு மீன் விற்கிறாள், அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

“போத்தோங், ஆ?” என்று கேட்டாள். வெட்டட்டுமா என்று.

அம்மா கண்ணால் ஆமாம் என்றாள். நான் பார்த்தேன். கத்தரி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது முறை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியதும்தான் தங்கூசி அறுந்தது. அம்மா இழுத்துவிட்ட முதல் மூச்சின் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மாமா அப்போதுதான் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுக்காமலே அவனைப் போய் ஓர் உதை விட்டார்.

போலீஸ் வந்தபோது கூட்டம் மாயமாகிவிட்டது. இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர், பையனை யார் அடித்தது என்று மலாயில் கேட்டார். பைக்கிலிருந்து விழுந்துவிட்டான், நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மூன்றாம் மாடி அங்கிள் தலைக்கவசத்தை ஓரமாக நின்ற ஏதோ ஒரு பைக்கின் கண்ணாடியில் மாட்டிவிட்டு எனக்கு ஒரு பலகாரம் வாங்கி வந்து நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் நான் வாந்தி எடுத்துவிட்டேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கழுத்தைச் சுற்றி ஆழமான காயம், உள்ளே குரல்வளையில் வீக்கம். வாயைத் திறக்கவே கூடாது என்றார் டாக்டர். அந்தப் பையனும் அதே ஆஸ்பத்திரியில், கட்டிலோடு விலங்கு மாட்டிக் கிடந்தானாம். பிழைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்றம் கட்டிலைச் சுற்றி மறுபடியும் கூடியது. போலீஸ் முன்னாலேயே வந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று மாமா கேட்டார். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தைக்கு ஒரே ஒரு கேள்விதான். “தாலிய வெட்ட அந்த மீன்காரிக்கு எப்படிக் கை வந்துச்சு? நீ வேணாம்னு தடுத்திருக்கலாம்ல?” அம்மா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணால் ஆமாம் என்றதை நான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, மறுபடியும் தாலி கட்டுவதென்று ஏற்பாடு. சாமி மேடை முன்னால் பாய் விரித்து, அம்மாவை உட்காரவைத்தார்கள். கழுத்துக் கட்டைப் பிரித்திருந்தார்கள். கயிறு இருந்த இடத்தில் சிவப்பாக இன்னொரு கயிறு மாதிரி தழும்பு ஓடியது. அத்தை தாம்பாளத்தை நீட்டினாள். அதில் புதுக்கயிறு. போனதைவிடத் தடிமன்.

“இந்தத் தடவ தங்கூசி ரெட்டிப்பு. கத்தரி வச்சாலும் அறாது. பயப்படாத” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

அப்பா கயிற்றை எடுத்தார். அம்மா தன் கழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அத்தனை நாளும் பேசாதவளின் குரல் சரளைக்கல்லைத் தேய்த்த மாதிரி வந்தது.

“அண்ணி, இழுத்தா அறுந்துபோற மாதிரி ஒரு கயிறு குடுங்க.”

அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசுறா பாரு! என் தம்பிய முன்னால வச்சிக்கிட்டு!” அடிபட்டதில் அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார் மாமா. அப்பா மட்டும் அம்மாவின் தழும்பையும் கையில் இருந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் வீறிட்டு அழுதேன். கயிறு அறுந்தால் அப்பா செத்துப்போவார் என்றுதானே அத்தை சொல்லியிருந்தாள். அம்மா, அதே அம்மா, அறுந்துபோக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறாள். ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா என்னை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அவளிடம் போகவில்லை. அப்பாவின் வயிற்றில் காதை வைத்து, அவருக்கு மூச்சு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறையில் பிழைத்து வந்து உட்கார்ந்திருந்தது யார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.