மழை வேண்டாம் என்ற பெண்

சுனாமிக்கு அடுத்த கோடையில், ஒரு தொண்டு அமைப்புக்காக மரக்காணம் உப்பளப் பக்கம் மாங்கன்றுகள் கொண்டுபோனேன். பட்டியலில் முதலில் இருந்தவர் உப்பு வாரும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். பாதமெல்லாம் உப்பு அறுத்த வெடிப்புகள். எதைப் பேசினாலும் நடுவில் ஒருமுறை மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டோரம் குழி வெட்டலாமா என்று கேட்டேன். அவர் ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இதுல வச்சா ஒரு மாசம் தாங்காது சார். பெருமுக்கல்ல எங்கம்மா வூட்டுக்குக் குடுத்துடுங்க. அங்க நல்ல மண்ணு."

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"மழ வராம இருந்தா போதும். பாத்தியில உப்பு பூத்துக் கெடக்குது. ஒரு மழ பேஞ்சா எல்லாம் கரைஞ்சிடும்."

"அங்க உங்கம்மா மழை கேப்பாங்களே?"

வாய்விட்டுச் சிரித்தார். "கேக்கும்தான், நெலத்துல மல்லாட்ட போட்டிருக்குதே! அதான் சாமிகிட்ட வெவரமா சொல்லிடுவேன். மழைய அங்கயே எறக்கிட்டு வெயில மட்டும் இங்க அனுப்புன்னு."

"சாமி கேக்குதா?"

"பாதி வருஷம் கேக்குது சார். அது போதாதா?"

அன்று மதியமே கன்றுகளைப் பெருமுக்கலில் இறக்கினோம். மகள் அனுப்பியதாகச் சொன்னதும் அந்த அம்மா கன்றுகளைப் பார்க்கவில்லை.

"மரக்காணத்துல மழ கிழ இல்லியே?" என்றார்.

இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலேயே அவருடைய வேர்க்கடலைச் செடிகள் மழையில்லாமல் வாடி நின்றன.