கே.ஐ.வி.யில் கிடந்த மெத்தை லாரி

சூடான தார் வாசனை வந்தால் போதும், இன்றைக்கும் என் காதுக்குள் காற்று வந்து அறையும்...

எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் போனால் முதலில் சத்தம், அப்புறம் காற்று, அப்புறம் கண்ணில் மண்.

படிப்பை முடித்த கையோடு ஒரு சாலைப் பராமரிப்பு கம்பெனியில் என்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். ஒரு லேனை மூடி, ஆரஞ்சு கோன்களை அடுக்கி, ஆட்கள் உள்ளே வேலை செய்வார்கள். கோன் வரிசை தொடங்கும் இடத்தில் ஒருவர் வரும் வண்டிகளைப் பார்த்துச் சிவப்புக் கொடி ஆட்ட வேண்டும். அந்த ஒருவர் செந்தில், அரியலூரிலிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர். போனைப் பார்த்துக்கொண்டே எவனாவது ஓட்டி வந்தால், அவனுக்கும் செந்திலுக்கும் நடுவே இருந்தது அந்தத் துணி மட்டும்தான்.

ஒருமுறை ஒரு சப்ளையர் புது மாதிரி லாரி ஒன்றை ட்ரையலுக்குக் கொண்டுவந்தார். வேலை செய்யும் ஆட்களுக்குப் பின்னால் நிறுத்துவது, பின்பக்கம் பெரிய மஞ்சள் பெட்டி. வண்டி வந்து மோதினால் பெட்டி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். வெளிநாடுகளில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய சாமான்... புதிதாக நிரூபிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் பார்த்தவுடனே பெயர் வைத்துவிட்டார்கள்: மெத்தை லாரி.

ட்ரையல் நாட்களில் அந்த லாரிக்கு முன்னால் நின்று செந்தில் நிதானமாகத் தேத்தண்ணி குடித்தார். ரோட்டுக்கு முதுகு காட்டி அவர் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

ட்ரையல் முடிந்தது. எல்லாருக்கும் திருப்தி. லாரி திரும்பிப் போய்விட்டது.

மீட்டிங்கில் அதை வாங்கச் சொல்லி நான் சண்டை போடாத குறை. மேனேஜர் ஹமீது சார் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல சாமான்தாம்மா, நான் இல்லங்கல. ஆனா இங்க வேற யாரும் இன்னும் வாங்கல லா. முதல்ல மத்தவங்க யூஸ் பண்ணட்டும். இப்போதைக்கு கே.ஐ.வி. போட்டு வை."

மற்றவர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆளாளுக்கு அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருக்க, ரோட்டைப் பார்த்து நின்றது செந்தில் மட்டும்.

கே.ஐ.வி... கீப் இன் வியூ. இந்த ஊர் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கிணற்றில் போட்ட கல்.

செந்திலுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் கூட்டாளிகளோடு நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அக்கா, மெத்தை லாரி என்னாச்சு?"

"கே.ஐ.வி.ல இருக்கு."

"அப்படின்னா?"

"பார்வையில வச்சிருக்காங்கன்னு சொல்வாங்க. ஆனா இழுத்தடிப்பாங்க செந்தில். நானும் விடாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பாகக் கூட்டாளிகள் பக்கம் திரும்பினார்.

"நம்மள பார்வையில வச்சிருக்காங்களாம்டா."

நான் மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்டேன். என்னைக் கண்டாலே ஹமீது சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்புறம் ஆங் மோ கியோ பக்கம் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. ஒரு லாரி டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார். கடைசிவரை செந்தில் கொடியை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார் என்று உள்ளே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உயிர் தப்பியது. வலது காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹமீது சார் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அடுத்த மீட்டிங்கில் மெத்தை லாரியைப் பற்றிக் கேட்டேன். விசாரணை முடியட்டும், அதுவரை கே.ஐ.வி. என்றார்கள்.

இப்போது பொங்கோலில் குடியிருக்கிறேன். வேறு கம்பெனி, அதே ரோட்டு வேலை. பஸ்ஸில் போகும்போது எங்கே லேன் மூடியிருந்தாலும் பின்னால் மெத்தை லாரி நிற்கிறது. கொடி ஆட்டுவதற்கு ஆரஞ்சுச் சட்டை போட்ட பொம்மை. அது இடிபட்டால் ஊரில் அழுவதற்கு யாரும் இல்லை. பார்க்கும்போது நிம்மதியாக இருக்கிறது, கூடவே வயிறும் எரிகிறது.

போன வாரம் ஒரு படம் எடுத்து செந்திலுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல்பதிவு வந்தது.

"நல்லதுக்கா. நம்ம பசங்க தப்பிச்சாங்க. அப்ப அந்த கே.ஐ.வி. முடிஞ்சிருச்சா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"முடிஞ்சிருச்சு செந்தில்" என்று அனுப்பினேன். அன்று காலை மீட்டிங்கில், வேறொரு சாமானுக்கு, அதே மூன்று எழுத்தைப் பதிலாகக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.