பர்வீன் பானுவின் வயிற்றுப்பொடி

காரைக்குடியில் நாட்டு மருந்துக் கடை நடத்துபவர் பர்வீன் பானு. தகப்பனாருக்குப் பிறகு கடையை எடுத்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் ஜமீலுக்கு மலேசியாவில் சமையல் வேலை. கடையில் இருக்கும் சரக்குகளில் ஒன்று மட்டும் பர்வீன் தானே கூட்டியது. சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், பெருங்காயம், இந்துப்பு சேர்த்து இடித்த வயிற்றுப்பொடி. உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் என்று எதைச் சொல்லி வந்தாலும் அதைத்தான் கொடுப்பார். முகூர்த்த நாளுக்கு மறுநாள் கடையில் கூட்டம் நிற்கும்.

2022 ஆவணியில், நேமத்தான்பட்டி விவசாயி சேவுகன் அந்தப் பொடியை வாங்க ஆரம்பித்தார். மேல்வயிற்றில் வலி.

"தின்னதும் கொஞ்சம் கேக்குது தங்கச்சி. பொறவு பழையபடிதான்."

"விடாமச் சாப்பிடுங்கண்ணே, சரியாப் போயிரும்" என்றார் பர்வீன்.

மூன்று மாதம் சாப்பிட்டார். கார்த்திகையில் ஒரு காலை, வயலில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். இரைப்பையில் புண் இருந்து வெகுநாளாகக் கசிந்திருக்கிறது. மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தார்.

பர்வீன் பார்க்கப் போனார். சேவுகனின் மனைவி ஆயி சண்டை பிடிப்பார் என்று பயந்துகொண்டேதான் போனார். ஆயியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க பொடிதான் இவரை இத்தனை நாளு தாங்குச்சு. வீட்டுக்குப் போனதும் ரெண்டு பொட்டலம் வாங்கிக்கிறேன்."

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்" என்று பிறகு பர்வீன் ஜமீலிடம் போனில் சொல்லி அழுதார்.

அடுத்த வாரம், பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மருந்தியல் கல்லூரிக்குப் போனார். அங்கே பாடம் எடுக்கும் தீபலட்சுமியைப் பார்த்தார்.

"மேடம், இது கேக்குமா, கேக்காதான்னு எனக்குத் தெரியணும்."

"இத்தனை வருசமா விக்கிறீக. உங்களுக்கே தெரியாதா?"

"வித்ததுதான் தெரியும். கேக்காதவுக யாரும் திரும்பி வந்து சொல்லலையே."

அந்தப் பதிலுக்காகவே தீபலட்சுமி ஒப்புக்கொண்டார். கல்லூரிக் குழுவின் அனுமதி கிடைக்க எட்டு மாதம் ஆனது. மருத்துவர் ஒருவர் சோதித்து, புண் இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களை விலக்கியபின் எண்பது பேர் தேறினார்கள். பாதிப் பேருக்குப் பொடி, பாதிப் பேருக்கு அரிசி மாவு. இரண்டும் ஒரே நிறக் கேப்ஸ்யூலில்.

பர்வீனுக்கு அது பிடிக்கவில்லை. "நாக்குல பட்டாத்தானே மேடம் வேலை செய்யும்?"

"நாக்குல பட்டா, எது உங்க பொடின்னு தெரிஞ்சு போயிரும்லக்கா."

வாசனையும் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, எல்லா டப்பாவிலும் ஓம எண்ணெய் தொட்ட பஞ்சைப் போட்டது பர்வீனின் யோசனை. யாருக்கு எது என்ற பட்டியல் உறைக்குள் வைத்து ஒட்டிக் கல்லூரியில் இருந்தது.

நான்கு வாரம் நடந்தது. சோதனையில் இருந்த தையற்காரி புஷ்பவள்ளி கடைக்கே வந்து, "வயிறு பஞ்சாட்டம் இருக்குக்கா, ஒங்க மருந்து அம்புட்டு நல்லாருக்கு" என்றார். அன்று முழுக்க பர்வீன் சந்தோஷமாக இருந்தார். உறையைப் பிரித்தபின் புஷ்பவள்ளியே வந்து சிரித்தார். அவர் சாப்பிட்டது அரிசி மாவு.

உப்புசமும் ஏப்பமும் பொடி சாப்பிட்ட நாற்பது பேரில் இருபத்தாறு பேருக்குக் குறைந்திருந்தன. அரிசி மாவில் பதினைந்து பேருக்கு. நெஞ்செரிச்சலுக்குப் பொடியால் ஒரு பயனும் இல்லை. பொடி சாப்பிட்டவர்களில் ஏழு பேருக்கு எரிச்சல் கூடியிருந்தது.

"சின்னச் சோதனைதான். இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் தீபலட்சுமி. "ஆனா மிளகும் சுக்கும் எரிச்சல்காரவுகளுக்கு ஆகலைன்னுதான் தோணுது."

பர்வீன் முடிவுத் தாளில் அரிசி மாவு வரிசையில் விரலை வைத்தார். "அரிசி மாவுக்கே பதினஞ்சு பேரு தேறியிருக்காகளே!"

"தானாச் சரியாகுறதும் உண்டுக்கா."

அன்றிலிருந்து பொட்டலத்தில் 'உப்புசத்துக்கும் ஏப்பத்துக்கும் மட்டும்' என்று அச்சடித்தார். பொடி கேட்டு வருபவரிடம், எரிச்சல் உண்டா, உடம்பு இளைக்கிறதா, மலம் கறுத்துப் போகிறதா என்று கேட்கிறார். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பொடி கிடையாது, உள்ளே புண் இருக்கலாம் என்று டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

"மருந்துக் கடை வச்சுக்கிட்டு டாக்டருட்டப் போகச் சொல்றீக?" என்று கோபித்துப் போனவர்கள் பலர். யாவாரம் படுத்துவிடும் என்று ஜமீலும் பயந்தார். கொஞ்சம் படுக்கத்தான் செய்தது. பர்வீன் கேள்விகளை நிறுத்தவில்லை. கூச்சப்படும் ஆம்பிளைகளிடம் மலத்தின் நிறத்தை எப்படிக் கேட்பது என்பதுதான் முதலில் சிரமமாக இருந்தது. இப்போது கல்லாவிலிருந்தபடி சத்தமாகவே கேட்டுவிடுகிறார்.

போன மாதம் மிளகை எடுத்துவிட்டு, சோம்பைச் சேர்த்து ஒரு பொடி இடித்திருக்கிறார். அதை இன்னும் விற்கவில்லை. கல்லூரிக் குழு எப்போது கூடும் என்று தீபலட்சுமிக்குத் திங்கட்கிழமைதோறும் போன் செய்கிறார்.