வெள்ளைக் காரில் விழுந்த வட்டங்கள்

வெள்ளைக் காரில் கீறல் தெரியாது என்று சொல்பவர்கள் அதை நிழலில் நிறுத்தியே பார்த்தவர்கள். காலை ஒன்பது மணி வெயில் பானெட்டில் ஒரு புள்ளியாக விழும்போது குனிந்து பார்க்க வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கில் மெல்லிய வட்டங்கள் தெரியும். என் மகன் வெளிநாடு போகும்போது என்னை நம்பி பெரம்பலூர் வீட்டில் விட்டுப்போன காரில் போன வாரம் நான் அவற்றைப் பார்த்தேன். வாட்டர் சர்வீஸ் செய்த இடத்தில் தரையில் விழுந்த துணியை உதறாமல் எடுத்துத் துடைத்திருக்கிறார்கள். துடைக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எத்தனை பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்ததில் துணியைக் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மகனுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. நான் லீவுல வந்து கடையில குடுத்துக்கறேன்" என்றான். அவன் வருவதற்கு ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை தினமும் காலையில் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

ஒரு டப்பா பாலிஷும் ஆறு மென்துணியும் வாங்கி வந்தேன். காரைப் பதின்மூன்று பாகமாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டேன். பாகத்துக்குள் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரம் சதுரமாக. மேலும் கீழுமாக நாற்பது இழுப்பு, இடமும் வலமுமாக நாற்பது. சுற்றித் தேய்க்கக் கூடாது. வட்டத்தை வட்டத்தால் அழிக்க முடியாது. இதை நான் எந்த வீடியோவிலும் பார்த்துக் கற்கவில்லை. ஒன்பது வயதில், இதே ஊரில், வேறொரு வெள்ளைக் காரில் கற்றுக்கொண்டேன்.

அப்போது அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். அத்தைக்குப் பத்தொன்பது வயது. தாத்தா காலமாகிவிட்டதால் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. அதுவரை நான்கு இடங்கள் வந்து போயிருந்தன. இதற்கிடையில் அத்தைக்குத் திருச்சியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் போய்ச் சேர வேண்டும். அப்பா பிடிவாதக்காரர் அல்ல. ஆனால் ஒரு முடிவை எடுப்பதென்றால் அவருக்கு வியர்த்துவிடும். ஆகையால் அந்த முடிவை அவர் பெண் பார்க்க வரவிருந்த அரியலூர்க்காரர்களிடம் விட்டுவிட்டார். ஐந்தாவதாக வரும் இந்த இடம் அமைந்தால் கல்யாணம், அமையாவிட்டால் திருச்சி. எல்லோரையும் உட்காரவைத்து இதைச் சொன்னார். அத்தை தலையை ஆட்டினாள்.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அரியலூரில் இரண்டு சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய வெள்ளை அம்பாசிடர் ஒன்றும் இருந்தது. தரகர் காளவாய்களைப் பற்றி ஒரு முறையும் காரைப் பற்றி நான்கு முறையும் பேசினார்.

"காரு பக்கம் மட்டும் யாரும் போயிடாதீங்க. போன மாசம் செந்துறையில ஒரு வூட்டுல பொண்ணு புடிச்சுப்போயி, தட்டு மாத்துற பேச்சு வரைக்கும் வந்துடுச்சு. வெளியில வந்து பாக்கறாரு, அந்த வூட்டுப் பொடியன் கதவுல குச்சியால கோடு இழுத்து வெச்சிருக்கான். காருல கோடு விழுந்த வூட்டுல சம்பந்தம் வேணாம், சகுனம் சரியில்லன்னு அப்பவே கெளம்பிட்டாருங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார். அத்தை மட்டும் தரகரைப் பார்த்து, "குச்சியாலயா இழுத்தான்?" என்று கேட்டாள்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு வந்தார்கள். அந்த ஒரு காருக்குள்ளிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். அரியலூரில் புறப்படும்போதே வெள்ளையாக இருந்த கார், வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் வண்டிகள் கிளப்பிய புழுதியில் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகி வந்திருந்தது. வெள்ளைமேல் வெள்ளை படிந்ததால் தூசி கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது. எதிர்ப்புறத்து வேப்பமர நிழலில் அதை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். நான் ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கொல்லைப்புறம் ஓடினேன்.

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அத்தை அங்கே நின்றிருந்தாள்.

"காரு தூசியா இருக்காடா?"

"ஆமா அத்தை. மாவு மாதிரி இருக்கு."

"தொடச்சு வையேன். மனுசன் சந்தோசப்பட்டு ஒரு ரவுண்டு ஏத்திக்கிட்டுப் போனாலும் போவாரு."

"கிட்டப் போகக் கூடாதுன்னு அம்மா சொன்னிச்சே?"

"நான் சொல்றேன்ல, போ."

விறகுக் குவியல்மேல் கிடந்த சாக்குத் துண்டை உருவி என் கையில் கொடுத்தாள். தண்ணீர் தொட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தண்ணியெல்லாம் வேணாம். அப்படியே சுத்திச் சுத்தி, நல்லா அழுத்தித் தேய்" என்றாள். கண்ணாடி டம்ளரை நான் நார் போட்டு விளக்கினால் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறவள் அவள். கொடியில் மெத்தென்ற பழைய வேட்டித் துணிகள் நான்கு காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றை எண்ணினேன். எண்ணியதோடு சரி.

பானெட்டில் அறுபது சுற்று, முன்கதவில் முப்பது சுற்று தேய்த்தேன். சுண்ணாம்புத் தூசி சாக்கில் நறநறவென்றது. நிழலில் கார் அற்புதமாக இருந்தது. பத்தடி தள்ளி நின்று ரசித்தேன். அப்போது வெயில் மரத்தைத் தாண்டி இறங்கிப் பானெட்டில் விழுந்தது. வட்டங்கள். ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று. செந்துறைப் பையன் ஒரு கோடுதான் இழுத்தான். நான் ஒரு பக்கத்தையே உழுது வைத்திருந்தேன்.

சமையலறைக்கு ஓடினேன். அத்தை தட்டில் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, காருல கோடு விழுந்துடுச்சு."

"எத்தன?"

"எண்ண முடியல."

அந்தச் சொற்களை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். அத்தை கண்ணை மூடித் திறந்தாள். எனக்காகச் சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து, "அழாத. உன்னைய யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. துணி குடுத்தது நாந்தான்னு நானே சொல்லிடுறேன். நீ ஒண்ணும் பண்ணாத. அப்படியே விட்டுட்டுப் போயி வெளையாடு" என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஒரு டம்ளர்கூட ஆடவில்லை.

எனக்கு விட மனம் வரவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு பிளாஸ்டிக் கண்ணாடி. அதில் கீறல் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைப் பல்பொடியை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார். எழுபது எண்பது தேய்ப்பில் கீறல் மறைந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான். கடிகாரத்துக்குப் போகிற கீறல் காருக்குப் போகாதா? பல்பொடி டப்பாவையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொடியில் கிடந்த வேட்டித் துணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் சுற்றித்தான் தேய்த்தேன். பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் புதிய வட்டம் வந்தது. பயத்தில் கை நேராக இழுபட்டபோது அந்த இடத்தில் மட்டும் வலை கொஞ்சம் கலைந்தது. அப்புறம் நேர்க்கோடுதான். அழுத்தாமல், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பொடி. அதோடு காரின் வெள்ளையும் கொஞ்சம் சேர்ந்து வந்துகொண்டிருந்ததோ என்னவோ, நல்லவேளையாக அது எனக்குத் தெரியவில்லை. பானெட்டில் பாதி முடித்திருந்தபோது பின்னால் ஒரு நிழல் விழுந்தது.

மாப்பிள்ளை. காரில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியே வந்திருந்தார். என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், குனிந்து பானெட்டைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"எங்கப்பா பாத்தாரா?"

"இல்லீங்க."

"உள்ள பஜ்ஜி எத்தன மிச்சம் இருக்கு?"

"பதினாலுங்க."

"அப்ப நேரம் இருக்கு. அந்தத் துணிய ரெண்டாக் கிழி."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கதவடியில் குந்தினார். எடுத்த எடுப்பிலேயே சுற்றித் தேய்த்தார். "சுத்தக் கூடாதுங்க, நேரா இழுக்கணும்" என்றேன்.

"சரி மருமவனே."

என் கை நின்றுவிட்டது. அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "எங்க அத்தைய உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அதனாலதான்டா தேச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பானெட்டில் மொத்தம் எண்ணூற்று நாற்பது இழுப்பு இழுத்தேன். கதவில் எத்தனை என்று கேட்டதற்கு, எண்ணவில்லை என்றார். அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போனது அது ஒன்றுதான். கதவின் கீழ்மூலையில் ஏழெட்டு வட்டங்கள் பிடிவாதமாக இருந்தன. அதற்குள் கூடத்தில் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு அந்த மூலையில் முழங்காலைச் சாய்த்து, ஏதோ மரத்தைப் பார்ப்பவர்போல நின்றுகொண்டார்.

தகப்பனார் வந்தார். வழக்கப்படி காரை ஒரு சுற்று சுற்றினார். பானெட்டுக்கு முன் நின்று குனிந்தார். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"யாரு இதத் தொடச்சது?"

அப்பாவின் முகம் வெளுத்தது. அம்மா என் தோளைப் பிடித்தாள். "நாந்தாங்க" என்றேன். வாசலில் பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தை, சொன்ன சொல்லைக் காப்பாற்ற, இரண்டு பேரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அது..." என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"மூணு மாசமா ஒருத்தன் சம்பளம் வாங்கிக்கிட்டுத் தொடைக்கறான்யா. இந்தப் பளபளப்பு ஒரு நாளாவது வந்திருக்கா?" என்றார் பெரியவர். "சின்னப் புள்ளைக்கே இவ்வளவு பொறுப்புன்னா வளத்த வூடு எப்படி இருக்கும்! என்ன சம்பந்தி, ஆவணியில வெச்சுக்குவமா?"

சம்பந்தி என்று அவர் சொன்னதும் அப்பாவுக்கு நெற்றி வியர்ப்பது நின்றுபோனது. முடிவை வேறொருவர் எடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தை வாயை மூடிக்கொண்டாள். யாரும் அவளிடம் என்ன சொல்ல வந்தாய் என்று கேட்கவில்லை.

மாமா நல்ல மனிதர். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன். அத்தை அரியலூரில் குறையில்லாமல்தான் வாழ்ந்தாள். மூன்று பெண்கள் பிறந்தார்கள். மூவரையும் ஆசிரியப் பயிற்சிக்குத் திருச்சியில் சேர்த்தாள். மூன்று தடவையும் மாமாவைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவளே பஸ்ஸில் அழைத்துப்போனாள். மூன்றாவது தடவை அதைக் கேள்விப்பட்டபோதுதான், அன்று கொடியில் நான்கு துணி இருக்கச் சாக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளிடம் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெற்றி பெற்றவன். கார் தெருமுனை திரும்பியதும் கொல்லைக்கு ஓடினேன். அத்தை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அத்தை, எல்லாம் போயிடுச்சு. மூலையில ஏழெட்டுதான். அதையும் மாமா மறச்சுட்டாரு."

"நான் விட்டுடச் சொன்னேன்ல?"

"ஆமா."

"அப்பறம் ஏன்டா தேச்ச?"

"உன் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னுதான்."

அவள் என் இரண்டு கைகளையும் இழுத்து, சொம்பில் மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றினாள். பல்பொடியும் எண்ணெயும் நகக்கண்வரை அப்பியிருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்துக் கழுவி, பட்டுப்புடவையின் முந்தானையாலேயே துடைத்தாள். புடவை நனைவதை அவள் பார்க்கவில்லை. ஐந்து விரல், பிறகு மறு கையில் ஐந்து. பத்தும் முடிந்த பிறகு மறுபடியும் முதல் விரலைப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, பத்து ஆயிடுச்சு" என்றேன்.

அவள் காதில் விழவில்லை. பெரியவர்களுக்கும் சில நேரம் கணக்குத் தவறிவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, அவள் துடைக்கத் துடைக்க, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தேன்.