முன்வரிசை இரும்பு வளையங்கள்

சார், சிவக்குமாரின் விமானத்தைக் கவிழ்த்தது காற்று இல்லை, நீங்க. பேரை எழுத மாட்டேன். டாலஸுக்கு வடக்கே அந்த விமானத் திடலில் வாக்கிடாக்கியும் கையுமாக கோல்ஃப் வண்டியில் சுற்றி வருகிறவர் யார் என்று அங்கே வருகிற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். விமானக் கண்காட்சிக்குப் பறந்து வந்து இறங்குகிற சின்ன விமானங்களை எங்கே நிறுத்த வேண்டும் என்று கொடி காட்டுகிற காண்ட்ராக்ட் என்னுடையது. பத்தாம் வகுப்பு ஃபெயிலான கையோடு கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்து, தகரத்துக்கும் ஆணிக்கும் பேரம் பேசி வளர்ந்தவன். இங்கே வந்து கேஸ் ஸ்டேஷன், பழைய கார் வியாபாரம் என்று எல்லா இடத்திலும் அடிபட்டு, இந்தக் காண்ட்ராக்டையும் பேசிப் பேசித்தான் வாங்கினேன். கோவில் கும்பாபிஷேகத்தன்று ஆரஞ்சுச் சட்டை போட்டு பார்க்கிங்கில் நின்று திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்தால், நீங்கள் என் இனம். ஒரே வித்தியாசம், என்னிடம் கத்துகிறவர் முன்னால் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். கிட்டே போய்ப் பதில் சொன்னால் தலை இருக்காது.

விதி ரொம்பச் சின்னது. வீட்டில் சொந்தக் கையால் கட்டிய விமானம் முன்வரிசை. கம்பெனியில் செய்து வாங்கிய விமானம் பின்னால் புல்வெளி. முன்வரிசைதான் கூட்டத்துக்குப் பக்கம், சாப்பாட்டுக்குப் பக்கம், கக்கூஸுக்குப் பக்கம். அதனால் இது ஏதோ கோவில் முதல் மரியாதை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. வீட்டில் கட்டியவை பெரும்பாலும் எடை குறைவு, காற்று தூக்கிவிடும். முன்வரிசையில்தான் கான்கிரீட்டில் புதைத்த இரும்பு வளையங்கள் இருக்கின்றன, கயிறு போட்டுக் கட்ட. பின்னால் வெறும் களிமண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் கூழாகிவிடும். இதை முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கதான் சார்.

சீட் கவர்

வீட்டில் கட்டிய விமானம் என்றால், தரையில் உருண்டு வரும்போதே பைலட் கண்ணாடியில் ஹோம்-பில்ட் என்பதன் சுருக்கமாக 'எச்.பி.' என்று பெரிதாக எழுதிய தாளைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து நான் முன்வரிசைக்குக் கொடி காட்டுவேன். ஒரு தடவை பளபளவென்று நாலு சீட் விமானம் ஒன்று வந்தது. எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கம்பெனி விமானம் என்று சொல்லும். கண்ணாடியில் 'எச்.பி.' தாள். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கிட்டே போனேன். ஹூஸ்டன் பல் டாக்டர் ஒருவர், கூட மனைவி.

"இது நீங்க கட்டினதா?" என்று கேட்டேன். "பாதிக்கு மேல சொந்த உழைப்பா இருந்தா போதும்னு ரூல் சொல்லுதே" என்றார். எது உங்கள் உழைப்பு என்றதும் கதவைத் திறந்து காட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "சீட் கவர் நாலும் என் மனைவி வீட்டுல தெச்சது. ஒரு விமானத்துல உடம்பு அதிகமா படற இடம் எது, சொல்லுங்க?"

காயமில்லாத கை

வீட்டில் கட்டியவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தர் இரண்டு சீட் விமானத்தில் வந்தார். தாள் சரி, கதவோரம் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற எழுத்து சரி. சொந்தமாகக் கட்டியதற்கு அரசாங்கம் எழுதச் சொல்கிற அடையாளம் அது. வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டில் கட்டியவர் பெயராக அவர் பெயர்தான். முன்வரிசையில் நிறுத்தினேன். எஞ்சின் மூடியைத் திறக்க வேண்டி வந்தபோது மனுஷர் அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. கடைசியில் யாருக்கோ போன் போட்டுக் கேட்டார்.

என்னோடு கொடி பிடிக்கிற ராய் எழுபது வயசுக்காரர், அந்தக் காலத்து மெக்கானிக். பேச்சு குறைவு. அவர் போய் அந்த ஆளோடு கை குலுக்கினார். குலுக்கிய கையை விடாமல் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "எட்டாயிரம் ஆணி அடிச்ச விமானம். ஆள் கையில ஒரு கீறல் இல்ல."

நம்ம ஆளு

ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்கிற ஊரிலிருந்து ஒரு தமிழ் டாக்டர் அங்கிள் வருஷா வருஷம் வருவார். கம்பெனி விமானம், சட்டப்படி புல்வெளி. இறங்கியதும் என் தோளில் கை போட்டு, "எந்த ஊரு தம்பி? கரூரா! எனக்கு ஈரோடு. பக்கத்துப் பக்கத்து வூடு மாதிரி. ஆன்ட்டிக்கு முட்டி வலி, முன்னாடி ஓரமா ஒண்ணு போட்டுடலாமே?" என்பார். கூடவே பின் சீட்டிலிருந்து ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் இறங்கும். பிரியாணி வாசம் நூறு அடிக்கு வரும்.

பேரம் என் ரத்தத்திலேயே ஓடுகிறது. அதனால் பேரத்துக்கு விலைபோகக் கூடாத இடம் எது என்றும் எனக்குத் தெரியும். "ஆன்ட்டிக்கு கோல்ஃப் வண்டி வரச் சொல்றேன், விமானம் பின்னாடிதானுங்க" என்றேன். அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. வண்டி வந்தது, ஆன்ட்டி ஏறினார், பாத்திரமும் ஏறியது. போகும்போது ஆன்ட்டி திரும்பிப் பார்த்துச் சொன்னது: "வெள்ளைக்காரன் 'முடியாது'ன்னா சிரிச்சுக்கிட்டே சொல்றான். நம்மாளுக்கு அதுகூட வர மாட்டேங்குது."

பிள்ளையார் ஸ்டிக்கர்

இனி சிரிக்க ஒன்றும் இல்லை.

சிவக்குமார் டாலஸ் பக்கம் காப்பெல் என்ற ஊரில் இருக்கிற ஐ.டி. பையன், நாமக்கல்காரன். பகலெல்லாம் கம்ப்யூட்டர், சாயங்காலம் கராஜ். எட்டு வருஷம். இரண்டு கார்களும் எட்டு வருஷமாக வெளியே வெயிலில் கிடந்தன. நானே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தகரம் பிடித்திருக்கிறேன். அவன் பெண் நிலா இரண்டு வயசில் அந்த இறக்கைக்குக் கீழே தூங்கினாள், பத்து வயசில் அதில் உட்கார்ந்து பறந்தாள். முதல்முதலாக அவன் அதை ஓட்டிக்கொண்டு வந்த கண்காட்சி உங்களுடையது சார்.

சனிக்கிழமை காலை. தாளைக் காட்டிக்கொண்டு அழகாக உருண்டு வந்தான். முன்வரிசையில் வளையமுள்ள ஒரே ஒரு இடம் பாக்கி. கொடியைத் தூக்கினேன், வாக்கிடாக்கியில் உங்கள் குரல். "அது ஃபேக்டரி பிளேன் மாதிரி இருக்கே. எக்ஸ்பெரிமென்டல்னு எழுத்து எங்க?"

பார்த்தேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பிள்ளையார் ஸ்டிக்கர், சுற்றிலும் சந்தனம், குங்குமம். குருக்களை ஹேங்கருக்கே, அதாவது விமானக் கொட்டகைக்கே கூட்டிவந்து பூஜை போட்டிருக்கிறார்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, நிலாவோடு காரில் முன்னாடியே வந்து நின்ற சிவக்குமாரின் மனைவி கவிதாவைக் கேட்டேன். "குழந்தை ஏறி உக்கார்ற இடத்துல பரிசோதனைன்னு எழுதியிருந்தா எனக்கு மனசு கேக்கலண்ணா. அதான் பிள்ளையாரை ஒட்டினேன்" என்றாள். தமிழ்நாட்டுப் பெண் வேறு என்ன செய்வாள்? விஷயத்தைச் சொன்னதும், "பிள்ளையாரப்பா, மன்னிச்சுக்கோ" என்று நகத்தால் நோண்டி ஸ்டிக்கரைப் பாதி உரித்தாள். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"எழுத்து தெரியுதுங்க சார். வால் தகட்டுலயும் அவன் பேருதான். வந்து ஒரு தடவை பாருங்க" என்றேன். நீங்க வரவில்லை. "அந்த ஸ்பாட் எனக்கு வேணும். கெஸ்ட் வர்றார்" என்றீர்கள். உங்கள் விருந்தாளியின் புத்தம்புது கம்பெனி விமானம் அப்போதுதான் தரையைத் தொட்டது.

இங்கேதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். கத்தியிருக்க வேண்டும், கொடியைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். வாழ்க்கை முழுக்கப் பேரம் பேசியவன், அங்கேயும் பேரம் பேசினேன். "சரிங்க சார். நாளைக்குக் காலையில முன்வரிசையில ஒரு இடம் காலியாகுது, அது சிவக்குமாருக்கு. சரின்னா சொல்லுங்க." நீங்க சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "ஓகே ஓகே, நாளைக்கு அவருக்கே குடுத்துடலாம். இப்ப வழியை விடச் சொல்லுங்க."

மூன்று மணி

சிவக்குமார், "நீங்க சொன்னா சரிதாண்ணா" என்று பின்னால் போனான். முன்வரிசை என்று நம்பி வந்தவன், தரையில் முடுக்கி இறக்கிக் கயிறு கட்டுகிற கம்பிகூடக் கொண்டு வரவில்லை. என் ஷெட்டிலிருந்து மூன்று எடுத்துக் கொடுத்தேன். இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று. முதல் நாள் பெய்த மழையில் மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. கம்பி சுலபமாக இறங்கியது. சுலபமாக இறங்குவது சுலபமாக வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். வானம் நீலமாக இருந்தது. ஒரே ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன்.

ராத்திரிவரைகூடப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. சைரன். எல்லாரும் ஹேங்கருக்குள் ஓடினோம். காற்று ஐந்து நிமிஷம்கூட இருக்காது. முன்வரிசையில் உங்கள் விருந்தாளியின் விமானம் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது, அசையவில்லை. அந்தக் கனத்துக்குக் கயிறே தேவையில்லை. பின்னால் புல்வெளியில் ஒரு வெள்ளை இறக்கை மெதுவாக, யாரோ புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புகிற மாதிரி எழுந்தது. அப்புறம் சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. சிவக்குமார் என் பக்கத்தில்தான் நின்றான். நிலாதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அப்பா, இஸ் தட் அவர்ஸ்?"

எழுத்தில்

மறுவாரம் கண்காட்சியை நடத்துகிற உங்கள் கமிட்டியின் அறிக்கை ஈமெயிலில் வந்தது. எனக்கு, சிவக்குமாருக்கு, எல்லாருக்கும். அதில் ஒரு வரி: வீட்டில் கட்டிய விமானம் என்பதை நிறுத்துமிடப் பொறுப்பாளர் கவனிக்கத் தவறி, அதைப் புல்வெளிக்கு அனுப்பினார். பொறுப்பாளர் நான்.

உங்கள் வீட்டுக்கே வந்தேன். ஆலன் ஊரில் அவ்வளவு பெரிய வீடு, ஹாலில் உட்காரச் சொல்லி காபி கொடுத்தீர்கள். வாக்கிடாக்கியில் நீங்க சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். குரலை உயர்த்தினேன், ஒத்துக்கொள்கிறேன். மேடம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நீங்க கோபப்படவே இல்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "எழுத்துல ஏதாவது இருக்கா? வியாபாரிதானே நீங்க, தெரியாதா?"

தெரியும் சார். பழைய கார் விற்ற காலத்தில் டயருக்குக்கூட எழுதி வாங்கியவன் நான். அன்றைக்கு ஒரு மனுஷனின் வார்த்தையை நம்பினேன். எழுதி வாங்காமல் நான் போட்ட ஒரே பேரம் அது.

என்ன குடுத்தாங்க

ராய்க்கு நடந்தது எல்லாம் தெரியும், வாக்கிடாக்கியில் நாம் ஆங்கிலத்தில் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவர். சொல்கிறேன் என்றார், சொன்னார். உங்கள் கமிட்டி, எழுபது வயசு, காது சரியில்லை என்று எழுதி ஒதுக்கிவிட்டது.

பிறகு காப்பெலுக்குப் போனேன். கராஜ் கதவு திறந்திருந்தது. மடங்கிய இறக்கை சுவரோரம் சாய்ந்திருந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கார் ஒன்று உள்ளே நின்றது. கவிதா தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதையெல்லாம் சிவக்குமார் தலையைக் குனிந்து கேட்டான். அறிக்கையைப் படித்திருக்கிறான். நான் எப்படிப்பட்ட பேரக்காரன் என்று டாலஸ் முழுக்கத் தெரியும், அவனுக்கும் தெரியும். கடைசியில் நிமிர்ந்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் மாதிரி கேட்டான்: "என் இடத்துக்கு என்ன குடுத்தாங்கண்ணா?"

கேட்பது இதுதான்

காண்ட்ராக்டை நீங்க வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. என்னைக் கமிட்டியில் நாலு பேர் முன்னால் திட்ட வேண்டுமா, சுலபமாகச் சரி என்றதற்காகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தக் குற்றம் என்னுடையது. ஆனால் அறிக்கையில் இருக்கிற அந்த ஒரு வரி பொய். அதை உங்கள் கையால் அடித்துவிட்டு, அனுப்பச் சொன்னவர் யார் என்று எழுதி, முன்பு யார் யாருக்கு அனுப்பினீர்களோ அத்தனை பேருக்கும் அனுப்புங்கள். அனுப்பிய கையோடு காப்பெலுக்குப் போய், சிவக்குமார், கவிதா, அந்தக் குழந்தை மூன்று பேர் முன்னாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஆணியிலிருந்து விமான நிறுத்தம்வரை எல்லாவற்றிலும் பேரம் பேசியே பிழைத்தவன் நான், இதில் மட்டும் ஒரு எழுத்துகூடக் குறைக்க மாட்டேன், போய்ச் சொல்லிவிட்டு வாங்க சார்.